சர்வரில் தங்கிப்போகும் செஷன்கள்: மலைக்கு ஏற்ற நேர வரம்பு

வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் சர்வரை நான் பார்த்துக்கொள்கிறேன். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையின் எடை, அவர்களுக்குச் சேர வேண்டிய பணம், எல்லாம் அதில்தான். ஊர் ஊராக இருக்கும் கொள்முதல் இடங்களிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில், அதாவது தூரத்திலிருந்தே சர்வரின் திரையைத் திறந்து வேலை செய்யும் வசதியில், நுழைந்து கணக்கு ஏற்றுகிறார்கள். ஒருவர் இப்படி நுழைந்து திறந்து வைத்திருக்கும் வேலைதான் ஒரு செஷன்.

[திரையில்: திங்கட்கிழமை காலை, கமாண்ட் பிராம்ப்ட்]

சர்வரில் யார் யார் செஷன் இருக்கிறது என்று பார்க்க 'குவெரி யூசர்' என்று அடிக்கிறேன். பெயருக்குப் பக்கத்தில் 'டிஸ்க்' என்று இருக்கிறதா? டிஸ்கனெக்டட், அதாவது தொடர்பு அறுந்தது என்பதன் சுருக்கம். இவர்கள் சனிக்கிழமை மாலையே வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆனால் மேலே இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி ஜன்னலை மூடினால் தொடர்பு மட்டும்தான் அறும். திறந்து வைத்த புரோகிராம்கள் சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும், மெமரியைப் பிடித்துக்கொண்டு. நாம் வரம்பு வைக்காதவரை விண்டோஸ் அதைத் தானாக மூடாது.

[திரையில்: குரூப் பாலிசி எடிட்டர்]

சரி, விண்டோஸ் எப்படி நடக்க வேண்டும் என்ற விதிகளை மாற்றும் இடம் இது. இங்கே வரம்பு வைப்போம். கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்போனென்ட்ஸ், ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட், கடைசியாக செஷன் டைம் லிமிட்ஸ். யூசர் கான்ஃபிகரேஷனிலும் இதே பகுதி உண்டு. இரண்டிலும் வைத்தால் கம்ப்யூட்டர் பக்கம் வைத்ததுதான் செல்லும்.

முதலில் டிஸ்கனெக்டட் செஷனுக்கான வரம்பு. இங்கே கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள், நான் தவறு செய்த இடம் இது. மெமரி மிச்சமாகட்டும் என்று 10 நிமிடம் வைத்தேன். ஆடி மாதம், காற்றும் மழையும். எங்கோ மரம் சாய்ந்து கரண்ட் போனது, கூடவே நெட்டும். அரை மணி நேரம் கழித்து ஒரு தங்கை போன் செய்தாள்: "அண்ணா, திரும்ப உள்ள போனா நான் ஏத்துனது ஒண்ணுமே இல்ல." இந்த வரம்பு முடிந்தால் செஷன் அடியோடு மூடப்படும், சேமிக்காதது போய்விடும். பாவம், அத்தனை எடைச் சீட்டையும் அவள் மறுபடி ஏற்றினாள்.

வரம்பு தாராளமாக இருந்திருந்தால், லைன் வந்ததும் விட்ட இடத்திலேயே தொடர்ந்திருப்பாள். மலையில் தொடர்பு அறுவதும் ஆள் வேலை முடித்துப் போவதும் ஒன்றல்ல, ஆனால் சர்வருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அதனால் இப்போது 3 மணி நேரம் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை விட்டுப் போனது அன்று இரவே காலியாகிவிடும்.

அடுத்தது ஐடில். கீபோர்டையும் மவுஸையும் தொடாமல் இருக்கும் நேரம் இது. 1 மணி நேரம் போதும். முடிவதற்கு 2 நிமிடம் முன்பே திரையில் எச்சரிக்கை வரும், ஏதாவது ஒரு கீயைத் தட்டினால் தொடரலாம். தட்டாவிட்டால் தொடர்பு மட்டும் அறும். அதன் பிறகுதான் அந்த 3 மணி நேரம் ஓடத் தொடங்கும்.

ஆனால் கீழே 'எண்டு செஷன் வென் டைம் லிமிட்ஸ் ஆர் ரீச்ட்' என்று ஒன்று இருக்கிறது பாருங்கள். அதை எனேபிள் செய்தால் ஐடில் முடிந்த உடனேயே செஷன் மூடிவிடும். டீ குடிக்கப் போனவரின் கணக்கும் போய்விடும். தொடாதீர்கள்.

ஆக்டிவ் செஷனுக்கு வரம்பு வைக்கவில்லை. மாதக் கடைசியில் ராத்திரி வரை உட்கார்ந்து பட்டுவாடா கணக்கு முடிப்பவரை நடுவில் துண்டிக்கக் கூடாது.

அப்புறம், சர்வர் இந்தப் புது வரம்புகளை எடுத்துக்கொள்ள, கமாண்ட் பிராம்ப்டில் 'ஜிபிஅப்டேட்', ஓர் இடைவெளி, சாய்கோடு, 'ஃபோர்ஸ்'. நான் இதை இரவு எல்லோரையும் சைன் அவுட் செய்யச் சொல்லிவிட்டுத்தான் அடித்தேன். மறுநாள் காலை ஒவ்வொரு கொள்முதல் இடத்துக்கும் போன் போட்டு, எச்சரிக்கை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவைத்தேன்.