யார் களமிறங்குவது என்பதைப் படைப்பாளி முடிவு செய்யட்டும்

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

பல வீடியோ கேம்களின் நாயகர்களை ஒரே களத்தில் மோதவிடும் சண்டை விளையாட்டில் யாரைச் சேர்ப்பது என்பதை முடிவு செய்ய வேண்டியது ரசிகர்களின் வாக்கா, படைப்பாளியின் தீர்மானமா? படைப்பாளியின் தீர்மானமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர் சோராவை முன்னிறுத்தினார். அப்படிப்பட்ட சண்டை விளையாட்டான 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்' வரிசைக்காக 2015-இல் ஜப்பானின் கேம் நிறுவனமான நிண்டெண்டோ வாக்கெடுப்பு நடத்தியது, 'கிங்டம் ஹார்ட்ஸ்' நாயகன் சோரா முதலிடம் பிடித்தார், கேமுக்குள்ளும் வந்துவிட்டார், ஆகவே வென்றது வாக்குதான் என்றார். கைதட்டலும் வாங்கினார். சரி, சோரா வந்தது எப்போது? 2021 அக்டோபரில்! சோராவின் உரிமையை வைத்திருக்கும் டிஸ்னி சம்மதிக்காமல் எத்தனை வாக்கு விழுந்தும் அவர் வந்திருக்க முடியாது. அதே வாக்கெடுப்பைக் காட்டி 2015 டிசம்பரில் 'பயோனெட்டா' கேமின் நாயகி பயோனெட்டாவை அறிவித்தார்களே, அப்போது என்ன சொன்னார்கள்? சேர்ப்பதற்குச் சாத்தியமுள்ளவர்களில் முன்னணியில் இருந்தவர் என்றார்கள். யாருக்குச் சாத்தியம், யாருக்கு இல்லை என்று சலித்தெடுத்தவர்கள் வாக்காளர்கள் இல்லையே!

'மெட்ராய்ட்' கேம்களின் வில்லனான ராட்சதப் பறக்கும் டிராகன் ரிட்லியையும் சொன்னார். ரசிகர்கள் வருடக்கணக்கில் கேட்டது உண்மை. இவ்வளவு பெரிய உடம்பை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று 'ஸ்மாஷ்' வரிசையின் இயக்குநர் மசாஹிரோ சகுராய் தயங்கியதும் உண்மைதான். 2018-இல் அந்த வரிசையின் 'அல்டிமேட்' வந்தபோது பாருங்கள், ரிட்லி முதுகை வளைத்துக் கூனி நிற்கிறார். அந்த நிற்கும் விதத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் அவர் களத்துக்குள் அடங்கினார். ஆசைப்பட ரசிகனுக்கு முழு உரிமை உண்டு, அதை நான் மதிக்கிறேன். அந்த ஆசைக்குக் கையும் காலும் கொடுப்பது வேறு வேலை.

'அனிமல் கிராஸிங்' கிராமவாசியை எடுத்துக்கொள்ளுங்கள். மீன் பிடித்து, பூச்சி பிடித்து, அக்கம்பக்கத்தாரோடு பேசிப் பொழுதைக் கழிக்கிற ஆள். அதே வரிசையில் 2008-இல் வந்த 'பிரால்' சமயத்தில், சண்டைக்குப் பொருந்தமாட்டார் என்று சகுராய் ஒதுக்கிவிட்டார். 2014-இல் வந்த அடுத்த கேமில் அவரே சேர்த்தார். எதிரி சுட்டதை அப்படியே பிடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, சமயம் பார்த்து அவர் மேலேயே திருப்பி விடுகிறார் கிராமவாசி! செடி நட்டு, தண்ணீர் ஊற்றி, மரமானதும் கோடரியால் வெட்டி எதிரி மேல் சாய்க்கிறார். அந்த ஊர் வாழ்க்கையில் செய்வதைத்தான் இங்கேயும் செய்கிறார், அதுவே சண்டையாகிவிட்டது. அதே கேமில் 'வீ ஃபிட்' பயிற்சி ஆசிரியை சூரிய நமஸ்காரம் செய்து ஒளிப்பந்து திரட்டி எறிகிறார். உடற்பயிற்சி கேமிலிருந்து ஆள் எடுக்க வேண்டும் என்று எந்த வாக்குச்சீட்டுக்குத் தோன்றும், நடுவர் அவர்களே?

வாக்கின் பெரிய குறையே இதுதான். தெரிந்த முகத்துக்குத்தான் வாக்குப் போட முடியும். 'ஸ்மாஷ்' வரிசையில் 2001-இல் வந்த 'மெலீ'யில் மார்த், ராய் என இரண்டு வாள்வீரர்கள். 'ஃபயர் எம்ப்ளம்' தொடர்க்காரர்கள். அந்தத் தொடரில் ஒரு கேம்கூட அதுவரை ஜப்பானைத் தாண்டி விற்பனைக்கு வந்ததில்லை. அமெரிக்காவில் விளையாடியவர்களில் பெரும்பாலோர் இவர்களை முதன்முதலில் பார்த்ததே 'மெலீ'யில்தான். பார்த்தார்கள், பிடித்துப்போனது, யார் இவர்கள் என்று தேடினார்கள். 2003-இல் அந்தத் தொடர் ஆங்கிலத்தில் வெளிவந்தது. இன்று அது உலகம் முழுக்க விற்கிறது. அறிமுகமே இல்லாதவர்களை நம்பி உள்ளே விட்ட ஒருவரின் துணிச்சல் அதற்கு வழி திறந்தது.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு கேள்வி. ராய் நாயகனாக வரும் கேம் ஜப்பானிலேயே 2002 மார்ச்சில்தான் வெளியானது, 'மெலீ'க்கும் பிறகு. 'மெலீ' தயாராகிக்கொண்டிருந்தபோது வாக்குப்பெட்டி வைத்திருந்தால், அவர் பெயரை எழுதிப் போட எந்த ரசிகர் இருந்தார்? அதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தன் உரையைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.