பதினாறு பேர் போதும் நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக வருகிறேன். 1952-ல் அமைந்த முதல் மக்களவைக்குப் பெருமை ஆளுங்கட்சியின் பெரும்பான்மையாலா, எதிர்வரிசையின் சிறுபான்மையாலா? எதிர்வரிசையால்தான் என்கிறது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "489 இடத்தில் காங்கிரஸ் 364. அடுத்த பெரிய கட்சி கம்யூனிஸ்ட், வெறும் 16. பதினான்கு பேர் கபடி ஆடலாம், மிச்சம் ரெண்டு பேர் விசில் ஊதலாம்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். ஐயா, அந்தப் பதினாறு பேருக்குத் தலைவர் யார் தெரியுமா?

ஏ.கே. கோபாலன். ஏ.கே.ஜி.!

1947 ஆகஸ்ட் 15. நாடே கொடியேற்றுகிறது. அவர் எங்கே? அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த கண்ணூர் சிறையில். யாருடைய சிறை? வெள்ளைக்காரன் போய்விட்டான் ஐயா, நம்முடைய சிறை! 1950-ல் தடுப்புக்காவல் சட்டம் வருகிறது. விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்கலாம். ஏற்கெனவே சிறையில் இருந்தவரை அந்தச் சட்டத்திலும் உள்ளே வைக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் போகிறார். 'ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம்.' இன்றைக்கும் சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் படிக்கிற வழக்கு. மனு தள்ளுபடி! வேறொருவராக இருந்தால் அன்றோடு ஒடிந்து போயிருப்பார்.

இரண்டே வருஷம். 1952. எந்தக் கண்ணூரில் பூட்டி வைத்தார்களோ அந்தக் கண்ணூர் மக்கள் ஓட்டுப்போட்டு அவரை டெல்லிக்கு அனுப்புகிறார்கள். அதே வருஷம் தடுப்புக்காவல் சட்டத்தை நீட்டிக்கும் மசோதா அவைக்கு வருகிறது. எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார்? அந்தச் சட்டத்தில் உள்ளே கிடந்த மனிதர்! கொண்டு வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் ஐயா. 364 பேர் கை தூக்கினால் மசோதா நிறைவேறும், சரி. அந்த முகத்தைப் பார்க்காமல் கை தூக்க முடியுமா? விசில் ஊதவா வந்தார் அவர்?

இன்னொரு கணக்கு. அன்றைய சென்னை மாநிலத்துக்கு 75 இடம். காங்கிரசுக்குக் கிடைத்தது 35. மிச்சம் 40 யாருக்கு? கம்யூனிஸ்ட் 8, உழைப்பாளர் கட்சி 4, காமன்வீல் கட்சி 3, சுயேச்சைகள் என்று மற்றவர்களுக்கு! நாடு முழுக்கவே காங்கிரஸ் வாங்கிய வாக்கு நூற்றுக்கு 45. ஆக அந்த 364-க்கு வெளியே இருந்தது இந்த நாடு போட்ட வாக்கில் பாதிக்கு மேல்.

அங்கீகாரம் பெற்ற எதிர்க்கட்சித் தலைவர் என்று ஒருவர்கூட அந்த அவையில் இல்லை, அதற்குத் தேவையான பத்தில் ஒரு பங்கு இடம் எந்தக் கட்சிக்கும் தேறவில்லை. ஆனாலும் 1954 டிசம்பரில் சபாநாயகர் மாவ்லங்கர் மீதே பதவி நீக்கத் தீர்மானம் கொண்டு வந்தார்கள். தோற்கும் என்று தெரிந்தே கொண்டு வந்தார்கள். நேரு எழுந்து, இப்படித்தான் ஓட்டுப்போட வேண்டும் என்கிற கொறடா உத்தரவு தம் கட்சிக்காரர்களைக் கட்டுப்படுத்தாது என்றார். அந்தப் பெருந்தன்மை நேருவுடையதுதான். அதை வெளியே வரவழைத்தவர்கள் யார் ஐயா?

கடைசியாக மேகநாத் சாகா. நட்சத்திரங்களின் ஒளியைப் படித்த உலக விஞ்ஞானி. கல்கத்தாவிலிருந்து ஜெயித்து வந்தார். பின்னால் பெரிய கட்சி பலம் கிடையாது, ஆள்பலம் கிடையாது. வெள்ளத்தைப் பற்றியும் அணைகளைப் பற்றியும் திட்டமிடலைப் பற்றியும் வாழ்நாளெல்லாம் எழுதியவர். 1956 பிப்ரவரி 16, ஐந்தாண்டுத் திட்டம் தீட்டிய திட்டக்குழுவின் அலுவலகத்துக்குப் போகிற வழியில் மாரடைப்பு. உயிர் போனது. அவர் பெற்ற பிள்ளைக்காகவா அந்த அலுவலகத்துக்கு நடந்தார்? உங்களுக்காகம்மா! எனக்காக ஐயா! இவரையும் சேர்த்தா தலை எண்ணுவது?

நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும் முன் ஏ.கே.ஜி.யையும் சாகாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அணிக்குத் தாருங்கள். வணக்கம்.