பிரைமர் ஏன் சரியாக அமர்வதில்லை? தோட்டா மறுநிரப்புவோருக்கு ஒரு விளக்கம்

[காட்சி: மேசை மீது ஒரு வெற்றுப் பித்தளைக் கூடு. அதன் அடிப்பகுதி திரை முழுவதும் தெரிகிறது.]

வணக்கம். டெல்டா மாவட்டங்களிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்று குடியேறி, அங்கே துப்பாக்கி சுடுதலை விளையாட்டாகப் பயிலும் நம் பிள்ளைகள் பலர், சுட்டு முடித்த கூடுகளில் மீண்டும் பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு பொருள்) வெடிமருந்தும் குண்டும் ஏற்றித் தாமே தோட்டா தயாரித்துக்கொள்கிறார்கள். தஞ்சாவூரில் தயாரான இந்த விளக்கம் அவர்களுக்கானது. அங்கே சொந்தப் பயன்பாட்டுக்காக மறுநிரப்புவதற்கு மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதென்றால்தான் உரிமம் வேண்டும்.

நம் ஊரில் நிலைமை முற்றிலும் வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பதைத் தடை செய்கிறது. தோட்டாவின் உதிரி பாகங்களும் அவற்றைத் தயாரிக்கும் கருவிகளும் அச்சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, இக்குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டுச் சிறை. ஆகவே திருவாரூரிலோ மயிலாடுதுறையிலோ இதைப் பார்ப்பவர்கள், வயல் காவலுக்கென உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களாகவே இருந்தாலும், கடையில் வாங்கிய தோட்டாவைச் சோதித்துப் பார்க்கும் அறிவாக மட்டும் இதை எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

[காட்சி: பிரைமரின் குறுக்குவெட்டு வரைபடம்.]

பிரைமர் என்பது மூன்று பாகங்கள் கொண்ட சிறிய பொருள். மெல்லிய உலோகக் கிண்ணம், அதன் உள்ளே அடிபட்டால் தீப்பிடிக்கும் கலவை, முனை கலவையை நோக்கியும் கால்கள் வெளிப்புறம் நோக்கியும் நிற்கும் அன்வில் என்னும் சிறு பட்டடை. ஃபயரிங் பின் என்னும், துப்பாக்கியின் அடிக்கும் ஊசி கிண்ணத்தின் முதுகில் மோதும்போது, கலவை கிண்ணத்துக்கும் பட்டடைக்கும் இடையே நசுங்கித் தீப்பொறியை எழுப்புகிறது. அந்தப் பொறி கூட்டின் அடியிலுள்ள துளை வழியே சென்று மருந்தைப் பற்றவைக்கிறது. பட்டடையின் கால்கள், கூட்டின் அடியில் பிரைமர் பொருந்தும் குழியின் தரையில் உறுதியாக ஊன்றியிருந்தால் மட்டுமே இது நடக்கும். கால்கள் அந்தரத்தில் நின்றால், பின்னின் முதல் அடி பிரைமரைக் குழிக்குள் இறக்குவதிலேயே செலவாகிவிடுகிறது, கலவையை நசுக்கப் போதிய விசை எஞ்சுவதில்லை.

எனவே, முதல் அடியில் வெடிக்காமல் இரண்டாம் அடியில் வெடிக்கும் தோட்டாவைப் பார்த்தால், முதலில் ஐயப்பட வேண்டியது பிரைமர் அமர்ந்த விதத்தைத்தான். பலரும் உடனே பிரைமர் தயாரித்த நிறுவனத்தைக் குறை சொல்கிறார்கள். எங்கள் கருத்தில் அது பெரும்பாலும் அவசர முடிவு. பிரைமர் பெட்டியை மாற்றுவதற்கு முன் பிரைமர் அமர்ந்த ஆழத்தைப் பார்ப்பதே முறை.

[காட்சி: விரல் நுனி கூட்டின் அடிப்பகுதியைத் தடவுகிறது.]

சரியாக அமர்ந்த பிரைமர், கூட்டின் அடித்தளத்துக்குச் சமமாகவோ சற்று உள்ளேயோ இருக்கும். பொதுவாகச் சொல்லப்படும் அளவு 0.003 முதல் 0.005 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.08 முதல் 0.13 மில்லிமீட்டர் உள்ளே. கூட்டைக் கண்ணாடித் தகட்டின் மேல் நிமிர்த்தி வைத்தால், பிரைமர் துருத்தியிருக்கும் கூடு ஆடும். மருந்து நிரப்பும் முன்பே ஒவ்வொரு கூட்டையும் விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் எந்த அளவுகோலுக்கும் குறைந்ததன்று.

துருத்திய பிரைமர் வெடிக்காமல் போவது தொல்லை. எதிர்பாராமல் வெடிப்பது ஆபத்து. ரிவால்வரில் அது பின்தகட்டில் உரசி உருளையைச் சுழலவிடாமல் நிறுத்திவிடும். எம்1 காரண்ட் போன்ற அரைத் தானியங்கி ரைபிள்களில் ஃபயரிங் பின் தடையின்றி முன்னும் பின்னும் நகரும் அமைப்பு உள்ளதால், தோட்டாவைக் குழலில் அடைக்கும் போல்ட் மூடும் வேகத்திலேயே, டிரிகரை இழுப்பதற்கு முன்பே, தோட்டா வெடித்துவிடக்கூடும்.

இனி, பிரைமர் உள்ளே இறங்காமல் தடுப்பது எது என்பதைப் பார்ப்போம்.

மிக எளிய காரணம் அழுக்கு. முந்தைய வெடிப்பின் கரிப் படிவு குழியின் மூலையில் திரண்டு, பட்டடையின் கால்களைத் தரையைத் தொடவிடாமல் தாங்கி நிற்கும். சிறு தூரிகையோ சுரண்டியோ கொண்டு குழியைச் சுத்தம் செய்தால் போதும். பிரைமரை அழுத்தும் கருவியின் தண்டிலோ பிரைமரைத் தாங்கும் அதன் கிண்ணத்திலோ சிறு துகள் ஒட்டிக்கொண்டிருந்தால், பிரைமரின் முதுகில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஒரே தழும்பு விழும். அப்போது கூட்டை விட்டுவிட்டுக் கருவியைத் துடைக்க வேண்டும்.

இராணுவக் கூடுகளில் காரணம் வேறு. 5.56, 7.62 நேட்டோ அளவுக் கூடுகளில் பிரைமர் பின்வாங்காமலிருக்க, குழியின் விளிம்பை உள்நோக்கி அழுத்திவிடுகிறார்கள். பழைய பிரைமரை வெளியேற்றிய பின்னும் அந்த விளிம்பு அங்கேயே இருக்கும். அதன் மேல் புதிய பிரைமரை வலிந்து அழுத்தினால், கிண்ணம் ஓரத்தில் சீவப்படும், அல்லது சாய்ந்து நசுங்கும். விளிம்பை அழுத்தி விரிக்கும் கருவியால் விரித்தோ, வெட்டுக் கருவியால் சிறிதளவு சீவியோ நீக்கிய பிறகுதான் மேலே செல்ல வேண்டும். சீவும்போது கை மிஞ்சினால் குழி அகன்றுவிடும். அகன்ற குழியைத் திரும்பக் குறுக்க வழியில்லை.

அளவு மயக்கமும் உண்டு. சிறிய பிரைமரின் விட்டம் 0.175 அங்குலம், பெரியதன் விட்டம் 0.210 அங்குலம். 0.45 ஏசிபி என்னும் கைத்துப்பாக்கித் தோட்டாவின் கூடுகள் இரண்டு அளவுக் குழிகளோடும் சந்தையில் கிடைப்பதால், கலந்து சேர்த்த கூடுகளில் பெரிய பிரைமர் சிறிய குழியில் மோதி நிற்கும். இதைவிட நுட்பமானது, பெரிய ரைபிள் பிரைமருக்கும் பெரிய பிஸ்டல் பிரைமருக்கும் உள்ள வேறுபாடு. விட்டம் ஒன்றே, ஆனால் ரைபிளுடையது உயரம் மிகுந்தது. அதைப் பிஸ்டல் கூட்டில் வைத்தால் எவ்வளவு கவனமாக அழுத்தினாலும் துருத்தியே நிற்கும். பெட்டியின் மேலுள்ள எழுத்தை ஒருமுறைக்கு இருமுறை படிப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்தில்லை.

குழியில் ஒரு துளைக்குப் பதிலாக இரண்டு சிறு துளைகள் தெரிந்தால், அது பெர்டான் வகைக் கூடு; அதில் பட்டடை கூட்டின் பகுதியாகவே அமைந்திருக்கும். வியப்பு என்னவென்றால், அமெரிக்கரான பெர்டானின் முறை ஐரோப்பாவில் வேரூன்றியது, ஆங்கிலேயரான பாக்ஸரின் முறை அமெரிக்காவில் வேரூன்றியது. வீட்டில் மறுநிரப்புபவர், ஒரே துளை கொண்ட பாக்ஸர் வகையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

[காட்சி: கையால் இயக்கும் பிரைமர் கருவி. பிடி மெல்ல மூடுகிறது.]

அழுத்தும் விசை எவ்வளவு என்ற கேள்விக்கு எண்ணில் விடை சொல்வது கடினம். வீணையின் பிருடையை அதன் துளையில் திருகும்போது, அது பற்றிக்கொண்ட கணத்தைத் தஞ்சாவூர்க் கைவினைஞரின் விரல்கள் உணர்வதைப் போல, முதலில் சீரான உராய்வும், பிறகு தரையைத் தொட்ட திடமான நிறுத்தமும் கைக்குத் தெரிய வேண்டும். மேசையில் பொருத்தும் பெரிய பிரஸ் இயந்திரத்தின் நீண்ட நெம்புகோலை விடக் கையடக்கக் கருவி இந்த உணர்வைத் தெளிவாகத் தருகிறது என்பதால், புதிதாகத் தொடங்குபவருக்கு அதையே பரிந்துரைக்கிறோம். உராய்வே இல்லாமல் பிரைமர் வழுக்கிக்கொண்டு இறங்கினால், அந்தக் கூட்டின் குழி அகன்றுவிட்டது என்று பொருள், கூட்டை ஒதுக்கிவிடுங்கள்.

தடை தெரிந்தவுடன் நிறுத்த வேண்டும். விசையைக் கூட்டுவது தீர்வன்று, ஏனெனில் கருவியில் இருப்பது நசுக்கினால் வெடிக்கும் பொருள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் பிரைமர் வேலையில் அமரவே கூடாது. பிரைமர்களை அவற்றின் அசல் பெட்டியிலேயே வைத்திருங்கள். கண்ணாடிப் புட்டியில் ஒன்றாகக் கொட்டி வைத்தால், ஒன்று வெடிக்கும்போது மற்றவை அனைத்தும் சேர்ந்து வெடிக்கும்.

முழுதாகத் தயாரான தோட்டாவில் பிரைமர் துருத்தியிருப்பதைப் பின்னர் கண்டால், அதை மீண்டும் கருவியில் வைத்து அழுத்துவதை நாங்கள் கண்டிப்பாக எதிர்க்கிறோம். குண்டைக் கழற்றி, மருந்தைக் கொட்டிய பிறகே அந்தக் கூட்டைத் தொட வேண்டும். பிரைமரில் எண்ணெய் விட்டால் அது செயலிழந்துவிடும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். எண்ணெயில் ஊறிய பிரைமரும் வெடிக்கலாம்.

சுடுதளத்தில் தோட்டா வெடிக்காமல் போனால், குழல் முனையைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்துக் குறைந்தது 30 வினாடிகள் காத்திருந்து, அதன் பிறகு தோட்டாவை வெளியே எடுங்கள். ஃபயரிங் பின் பதித்த தழும்பு ஆழமாகவும் நடுவிலும் இருக்கிறதா, மேலோட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். தழும்பு மேலோட்டமாக இருந்து, பிரைமரும் சரியான ஆழத்தில் இருந்தால், தேட வேண்டிய பழுது துப்பாக்கியின் ஸ்பிரிங்கில் அல்லது ஃபயரிங் பின்னில் இருக்கிறது. அதைத் தகுதி பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும்.