மட்டாஞ்சேரியின் பரதேசி யூதப் பள்ளி

நேயர்களுக்கு வணக்கம். கொச்சி மட்டாஞ்சேரியில், அரண்மனைக்கும் பழையன்னூர் பகவதி கோயிலுக்கும் அடுத்தாற்போல் நிற்கும் பரதேசி யூதப் பள்ளியைப் பற்றி இன்று பேசுகிறேன். இங்கே பள்ளி என்பது யூதர்களின் வழிபாட்டுத் தலம்; பரதேசி என்றால் அயல்நாட்டிலிருந்து வந்தவர். ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து துரத்தப்பட்டு வந்த யூதர்களுக்குக் கொச்சி அரசர் தம் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுக்க, 1568-இல் இது எழுந்தது. 1662-இல் போர்ச்சுக்கீசியரின் தாக்குதலில் சிதைந்து, மறு ஆண்டு டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றிய பிறகே மீண்டும் எடுத்துக் கட்டப்பட்டது.

யூதர்களின் கேரள உறவோ இதைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. ஏறத்தாழ கி.பி. 1000-இல் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டிலிருந்து (இன்றைய கொடுங்கல்லூர்ப் பகுதி) ஈசுப்பு இரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு அளித்த செப்பேடு இங்கே போற்றிக் காக்கப்பட்டு வருகிறது. வட்டெழுத்தில் அமைந்த அதில் பகல் விளக்கு, பாவாடை (நடக்க விரிக்கும் துணி), குடை, தோரணம் என அடுக்கப்படும் உரிமைகள் நம் காதுக்கும் அந்நியமானவை அல்ல.

உள்ளே நுழைவோர் காலணியைக் கழற்றிவிட வேண்டும். தரை முழுவதும், 18-ஆம் நூற்றாண்டில் சீனத்துக் காண்டனிலிருந்து வந்த நீல வெள்ளைப் பீங்கான் ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் கையால் தீட்டப்பட்டதால், ஒரே காட்சியை வரைந்த ஓடுகளிலும் கிளையின் வளைவோ நீலத்தின் அடர்த்தியோ சற்றே மாறியிருப்பதைக் குனிந்து பார்த்தால் காணலாம். தலைக்குமேல் கண்ணாடிச் சரவிளக்குகளும் நடுவில் பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த மறையோதும் மேடையும் உள்ளன. வெளியே, டச்சுக் கம்பெனியோடு வணிகம் செய்த எசக்கியேல் ரஹபி 1760-இல் எழுப்பிய மணிக்கூண்டில் எபிரேயம், ரோமன், மலையாளம் என முகத்துக்கு முகம் எண்கள் மாறுகின்றன.

ஆனால் என்னைப் பெரிதும் கவர்வது மேல்தளத்தில், பெண்கள் அமரும் பகுதிக்கு முன்னால் அமைந்த இரண்டாவது மேடைதான். விசேட நாள்களில் அங்கிருந்து மறை ஓதும் இவ்வழக்கம் கேரளத்து யூதப் பள்ளிகளுக்கே உரியது. வேறெங்கும் இல்லாத இந்த அமைப்பைக் கவனியாமல் ஓடுகளை மட்டும் படம்பிடித்துத் திரும்புகிறவர்களைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அடிமை வழி வந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட யூதர்களுக்கு இப்பள்ளிக்குள் சம இடம் நெடுங்காலம் மறுக்கப்பட்டது. அவர்களில் ஒருவரான, சென்னையில் படித்துப் பட்டம் பெற்ற வழக்கறிஞர் ஏ. பி. சேலம், காந்திய வழியில் சத்தியாகிரகம் இருந்து அந்தத் தடையைப் படிப்படியாகத் தளர்த்தினார்.

இஸ்ரேல் உருவானபின் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தனர். முறையான கூட்டு வழிபாட்டுக்கு வேண்டிய பத்து ஆண்களைச் சேர்ப்பதே இன்று அரிதாகிவிட்டது. கொச்சி செல்லும் நேயர்கள் பறவூரிலும் சேந்தமங்கலத்திலும் அருங்காட்சியகங்களாகப் புதுப்பிக்கப்பட்டுள்ள யூதப் பள்ளிகளையும் அவசியம் பார்க்க வேண்டும். கேரளத் தச்சர்களின் மரவேலைத் திறன் அங்கே இன்னும் தெளிவாகப் புலப்படும்.