பஞ்சுமிட்டாயில் பிடிபட்ட சாயம், செல்லுக்குள் விளக்கேற்றுகிறது!

[திரையில்: ரோஸ் நிறப் பஞ்சுமிட்டாய்]

2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதில் பிடிபட்ட சாயம் ரோடமைன் பி. வாயில் வைக்கவே கூடாத துணிச் சாயம். ஆனால் அதே ரோடமைன் குடும்பத்தில் பிறந்த இன்னொரு சாயம், உயிருள்ள செல்லுக்குள் ஒற்றைப் புரத மூலக்கூறு ஓடுவதைக் காட்டிக்கொடுக்கிறது. அதைப் பளிச்சென்று ஆக்க வேதியியலாளர்கள் சேர்த்தது, பக்கத்துக்கு ஒரே ஒரு கார்பன் அணு!

பழைய கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1871ல் அடால்ஃப் ஃபான் பேயர் ஃபுளோரசீன் என்ற ஒளிரும் சாயத்தைத் தயாரித்தார். 1887ல் ரோடமைன் வந்தது. சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: மைக்ராஸ்கோப், பச்சை லேசர்]

சாயம் பச்சை ஒளியை வாங்கி, ஆரஞ்சு ஒளியாகத் திருப்பித் தரும். அந்த ஆரஞ்சுப் புள்ளியைத்தான் கேமரா பிடிக்கிறது. வெளிச்சம் போதவில்லையா, லேசரைக் கூட்டிவிடலாமே என்று தோன்றும். கூட்டினால் செல் பாதிக்கப்பட்டுச் சாகும், சாயமும் வெளுத்துப்போகும். அதனால் சாயத்தையே திருத்த வேண்டும்.

டெட்ராமெத்தில் ரோடமைன் என்ற பழைய சாயம் 100 ஃபோட்டான்களை, அதாவது ஒளித் துகள்களை, விழுங்கினால், திருப்பித் தருவது 41தான். மீதி எங்கே போகிறது?

[திரையில்: காற்றில் அடித்துக்கொள்ளும் ஜன்னல் கதவு]

கொண்டி மாட்டாத ஜன்னலைப் பாருங்கள். காற்று அடித்தால் கதவு படபடவென்று ஆடும். ரோடமைனின் நடுப்பகுதி தட்டையானது. அதன் இரு ஓரத்திலும் ஒரு நைட்ரஜன், ஒவ்வொரு நைட்ரஜனிலும் இரண்டு மெத்தில்கள், அதாவது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு கொத்துகள், தொங்குகின்றன. ஒளி பட்டதும் இந்த ஓரம் ஜன்னல் கதவு மாதிரி முறுக்கிக்கொள்கிறது. ஒளியாக வெளியே வர வேண்டிய ஆற்றல் சூடாகப் போய்விடுகிறது.

அமெரிக்காவில் வர்ஜீனியாவிலுள்ள ஜனேலியா ஆய்வு வளாகத்தில் லூக் லேவிஸ் குழு இதற்குக் கொண்டி மாட்டியது. இரண்டு மெத்தில்களுக்கு நடுவே ஒரு கார்பனை வைத்து நான்கு மூலை வளையமாக மூடினார்கள். அசெட்டிடின் வளையம் என்று பெயர். இப்போது முறுக்கிக்கொள்வது கடினம். 41 என்பது 88 ஆகிவிட்டது! 2015ல் வெளியான இந்தச் சாயத்தின் பெயர் ஜே.எஃப். 549 (ஜனேலியா ஃபுளோர்). அது அதிகமாக விழுங்கும் ஒளியின் அலைநீளம்தான் அந்த எண், 549 நானோமீட்டர்.

இதில் என்னை உட்கார வைத்துவிட்ட விஷயம் ஒன்று உண்டு. வளையம் போட்டால் போதும் என்றால், பெரிய வளையம் இன்னும் நன்றாக இருக்க வேண்டும் அல்லவா? அதையும் செய்து பார்த்தார்கள். ஐந்து மூலை வளையம் 74 தந்தது. ஆறு மூலை? வெறும் 10! பழைய சாயத்தைவிட மோசம். கொண்டி நீளமாகிப்போனால் கதவு சட்டத்தில் பொருந்தாது. அப்படித்தான் இந்தப் பெரிய வளையம் பக்கத்து அணுக்களோடு முட்டி, நைட்ரஜனை வெளியே திருப்பிவிடுகிறது. நான்கு மூலை வளையம் வளைத்துக் கட்டிய வில் மாதிரி இறுக்கமானது, அதைப் பார்த்தால் முதலில் யாரும் கைவைக்கத் தயங்குவார்கள். அந்த இறுக்கமான வளையம்தான் ஜெயித்தது. எனக்கு இது வேதியியலின் மிக அழகான இடங்களில் ஒன்று.

[திரையில்: கருப்புப் பின்னணியில் சிவப்புப் புள்ளிகள்]

இதே வளையத்தைப் போட்ட ஜே.எஃப். 646 என்ற இன்னொரு சாயம், செல்லுக்குள் தனியாகத் திரியும்போது பெரும்பாலும் நிறமில்லாமல் மூடிக்கிடக்கும். புரதத்தில் பொருத்திய ஹாலோடேக் என்ற கொக்கியில் மாட்டியதும் திறந்து ஒளிரும். அதனால் பின்னணி இருட்டாகவே இருக்கும். அப்புறம் 2021ல் வளையத்தின் ஹைட்ரஜனுக்குப் பதிலாகக் எடை கூடிய ஹைட்ரஜனான கன ஹைட்ரஜனைப் போட்டு, இன்னும் தாக்குப்பிடிக்கும் சாயங்களையும் செய்தார்கள். இந்தச் சாயங்களைப் பல நாட்டு ஆய்வகங்களுக்கு இலவசமாக அனுப்பியும் வைத்தார்கள். அதற்காகவே இவர்களை எனக்குப் பிடிக்கும்.

இன்று ராத்திரி வீட்டில் ஒன்று செய்யுங்கள். ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைத் தண்ணீரில் கலக்குங்கள், இன்னொரு சிட்டிகையைச் சானிடைசரில் கலக்குங்கள். விளக்கை அணைத்துவிட்டு, ரூபாய் நோட்டு சோதிக்கும் ஊதா விளக்கை இரண்டிலும் காட்டுங்கள். எது ஒளிர்கிறது, ஏன் என்று கமெண்டில் எழுதுங்கள். அடுத்த வீடியோவை அங்கிருந்து தொடங்குகிறேன்.