வில்லைப் பார்த்தார்கள், வேடியப்பன் என்றார்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

நினைவு என்றால் பெட்டியில் பூட்டிவைத்த நகை மாதிரி, எப்போது திறந்தாலும் அப்படியே இருக்கும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. நம் பழைய வடாற்காட்டிலேயே அதற்குச் சாட்சி நிற்கிறது.

செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. சுமார் 1,400 வருஷம் ஆகிறது. எருமைகளைக் காக்கப் போய் உயிரைவிட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். பக்கத்திலேயே அவன் நாய். கோவிவன் என்று அதற்குப் பெயர். கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று தனியாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். நாய்க்கும் பெயர் போட்டுக் கல்லில் வெட்டிய அந்த மனசை என்னவென்று சொல்வது!

நடுகல் எடுப்பதில் தொல்காப்பியம் ஆறு படிகள் சொல்கிறது. முதல் படி காட்சி. போய்ப் பார்த்து, ‘இதுதான் அவனுக்கான கல்’ என்று கண்டுகொள்வது. அதற்கப்புறம்தான் நீராட்டுவதும் நடுவதும். அதாவது, நினைவே கண்ணில்தான் தொடங்குகிறது.

சரி, பிறகு என்ன ஆயிற்று? கல்லில் வெட்டியிருந்த பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்து வழக்கொழிந்தது, படிக்க ஆளில்லை. பெயர்கள் போயின. ஆனால் கல்லை யாரும் தூக்கி எறியவில்லை. வில்லோடு ஒருவன் நிற்பதைப் பார்த்தார்கள். வேடியப்பன் சாமி என்றார்கள், பொங்கல் வைத்தார்கள். 1972-ல் தொல்லியல் துறை செங்கம் நடுகற்களைத் தொகுத்து வெளியிட்டபோது பழைய பெயர்கள் திரும்பி வந்தன. அதனால் வேடியப்பன் பொய்யாகிவிட்டாரா? இல்லை. நினைவு விட்ட இடத்தைக் கண் பிடித்துக்கொண்டது. அதை மறதி என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அதுவும் ஒரு படைப்புதான்.

இதே மண்ணில் இன்னொன்று. திரௌபதி அம்மன் கோயில் படுகளம், அதாவது பாரதப் போரில் துரியோதனன் விழுவதை நடித்துக் காட்டும் திருவிழா. சின்ன வயதில் ஆயா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். தரையில் மண்ணால் துரியோதனன், ஒரு வீட்டு நீளம். காலையில் ஊர்க்காரர்கள் மண் குழைத்து மிதித்ததை எல்லோரும்தான் பார்த்தார்கள். ஆனாலும் பீமன் வேஷம் கட்டியவர் தொடையில் அடித்து, சிவப்புத் தண்ணீர் பீறிட்டதும், பக்கத்தில் இருந்த அம்மா வாய்விட்டு அழுதாள். பல இரவுகள் பாரதமும் கூத்தும் கேட்டுக் கேட்டுப் பழகிய கண் அது. அதற்கு அங்கே மண் தெரியாது. வெளியூர்க்காரர் ஒருவர் அன்று மட்டும் வந்து நின்றிருந்தால், பெரிய பொம்மையைத்தான் பார்த்திருப்பார்.

திரும்பும்போது ஆயா அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து நெல் குதிரில் போட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.