பந்தை உதைத்தவனை வாழ்க்கை உதைக்குமா?

நடுவர் ஐயா அவர்களுக்கும், அல்சூர் ஏரியைச் சுற்றியுள்ள தெருக்களிலிருந்தெல்லாம் வந்து உட்கார்ந்திருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சபைக்கும் வணக்கம். மேடையில் இருக்கும் மற்றப் பெரியவர்கள் அனைவருக்கும் சேர்த்து இன்னொரு வணக்கம். இதற்குமேல் வணக்கம் சொன்னால் என் நேரம் போய்விடும். எங்கள் அணித் தலைவர் ஏற்கெனவே என் பங்கிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கிப் பேசிவிட்டார்.

‘தறிகெட்டுக் கிடக்கும் ஒரு பெரிய உயர்நிலைப் பள்ளியைத் தூக்கி நிறுத்துவது மாலை நேர விளையாட்டா, மாலை நேர வகுப்பா?’ இதுதான் தலைப்பு. விளையாட்டே என்று பேச வந்திருக்கிறேன். நான் கணக்கு டீச்சர். பார்த்தீர்களா, சிரிக்கிறீர்கள்! கணக்கு டீச்சரைக் கண்டு சபை சிரிப்பது இன்றைக்குத்தான்.

மாலை வகுப்பு எடுக்கிறவளே நான்தான் என்பதால் சொல்கிறேன். நாலரை மணி வகுப்பில் யார் உட்காருகிறார்கள் தெரியுமா? காலை வகுப்பிலேயே எல்லாம் புரிந்துகொண்ட பிள்ளைகள். யாருக்காக அந்த வகுப்பை வைத்தோமோ அவன் மணி அடிப்பதற்கு முன்பே பையைச் சன்னல் வழியாக வெளியே போட்டுவிட்டு, ‘டீச்சர், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்’ என்று போகிறான். மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் தாகம் தீர்ந்து வருகிறான். சில நாள் அதுவும் இல்லை.

சரி, நிறைய வாதங்கள் எழுதி எடுத்து வந்தேன். ஆனால் எதிரணித் தலைவர், என் மதிப்புக்குரிய பேராசிரியர் அண்ணன், ஒரு வரி சொன்னார் பாருங்கள். “பந்தை உதைக்கிறவனை நாளைக்கு வாழ்க்கை உதைக்கும்!” சபையே அதிர்ந்தது. முதல் வரிசையில் என் கணவரும் கைதட்டினார். அவரை நான் வீட்டில் பார்த்துக்கொள்கிறேன்.

அதோடு விட்டாரா? “கௌதமபுரத்தில் பீலேக்குச் சிலை வைத்தீர்களே, பிள்ளைகளுக்கு வேலை வைத்தீர்களா?” என்றும் கேட்டார். அண்ணா, கௌதமபுரம் இங்கிருந்து கூப்பிடு தூரம். புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா, அவர்கள் பக்கத்தில் பீலே. அந்த வரிசையில் ஒரு பந்து விளையாடியவரை நிற்க வைக்க ஒரு தெருவுக்கே தோன்றியிருக்கிறது என்றால், காரணம் இல்லாமலா இருக்கும்?

வேலை கேட்டீர்கள். அண்ணா, நீங்கள் பெங்களூருக்குப் பிழைக்க வந்தவர். நான் இங்கேயே பிறந்தவள். இந்த ஊரில் ஒரு காலத்தில் பையன் நன்றாகப் பந்து விளையாடினால் பெண் கொடுக்க வரிசையில் நின்றார்கள். ஏன்? துரவாணி நகர் தொலைபேசித் தொழிற்சாலை, அந்த ஐ.டி.ஐ.க்குக் கால்பந்து அணி இருந்தது. விமானத் தொழிற்சாலை எச்.ஏ.எல்.லுக்கு அணி இருந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் ராணுவத்தின் மெட்ராஸ் சாப்பர்ஸ் படை, அவர்களுக்கும் அணி. பந்தை ஒழுங்காக உதைத்தவனைக் கூப்பிட்டு, ‘உட்காரப்பா’ என்று நிரந்தர வேலை கொடுத்தார்கள். கேண்டீன் சாப்பாடு, குடியிருப்பு, பி.எப்., பென்ஷன்! இந்த அரங்கத்தில் ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர்? கொஞ்சம் கையைத் தூக்குங்கள் ஐயா. பாருங்கள் அண்ணா, நன்றாகப் பாருங்கள். இதில் விளையாட்டுக்காக எடுக்கப்பட்டவர்கள் மட்டும் கையைக் கீழே போடாதீர்கள். அதோ, மூன்றாவது வரிசையில் கைத்தடியோடு ஒரு பெரியவர் இன்னும் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். ஐயா, உங்களை வாழ்க்கை உதைத்ததா? ‘முழங்கால்தான் வலிக்கிறது’ என்கிறார்! முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்கப் பென்ஷன் வருகிறதா ஐயா? வருகிறதாம். எழுதிக்கொள்ளுங்கள் நடுவர் ஐயா.

இன்னும் கேளுங்கள். 1962, ஜகார்த்தா, ஆசிய விளையாட்டுப் போட்டி. கால்பந்து இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை இந்தியா 2-1 என்று வென்று தங்கம் வாங்கியது. அந்த அணியில் அருமைநாயகம் என்று ஒருவர். பெயரைக் கேட்டாலே தெரியும், நம்மவர். பெங்களூர்க்காரர். அதற்குப் பிறகு இன்றுவரை ஆசியப் போட்டியில் இந்தியாவுக்குக் கால்பந்தில் தங்கம் இல்லை. பந்தைப் பூட்டி வைத்துவிட்டு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தால் எங்கிருந்து வரும்?

‘அந்தக் காலம்போல இப்போது விளையாட்டுக்காரனை வேலைக்கு எடுப்பதில்லையே’ என்று அண்ணன் முணுமுணுக்கிறார். உண்மை. டிகிரி வாங்கியவனை மட்டும் வாசலில் வந்து வரவேற்று எடுக்கிறார்களா? ‘விளையாடுகிறவன் எல்லாம் பீலே ஆகிவிடுவானா?’ ஆகமாட்டான். என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் இராமானுஜன் ஆகிவிட்டார்களா? அதற்காகக் கணக்கு வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா? பிள்ளைகள் சொன்னார்கள். அது வேறு.

பந்தைப் பூட்டி வைத்து என்று ஒரு வார்த்தை சொன்னேன். அது சும்மா வாய்தவறி வந்ததல்ல. ஒரு கதை இருக்கிறது. பள்ளியின் பெயர் வேண்டாம். ஆயிரத்துக்கு மேல் பிள்ளைகள். தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு, எல்லா மொழியிலும் சண்டை. பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் போலீஸ் ஜீப் நிற்கும். அங்கே புதிதாக ஒரு பி.டி. மாஸ்டர் வந்தார். தலைமை ஆசிரியரிடம் போய், “சார், பந்து இருக்கிறதா?” என்றார்.

“இருக்கிறதே.”

“எங்கே சார்?”

“பீரோவில்.”

“சாவி?”

“பழைய மாஸ்டரிடம்.”

“பழைய மாஸ்டர்?”

“பெல்காமில்.”

நடுவர் ஐயா, பெங்களூரில் பந்து, பெல்காமில் சாவி! நடுவில் ஒரு இரவு பஸ் பயணம். பூட்டை உடைக்கலாம் என்றால் அது அரசாங்கப் பூட்டு. உடைக்க அனுமதி கேட்டு எழுத வேண்டும். அனுமதி வந்தால் உடைத்த பூட்டை ஸ்டாக் ரிஜிஸ்டரில் எந்தப் பக்கத்தில் எழுதுவது? ஆடிட்டில் பந்து புதிதாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். புதிதாக இருந்தால் சந்தோஷப்படுவார்கள்! உதைபட்டுக் கிழிந்திருந்தால் விளக்கம் கேட்பார்கள். 2009 கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணையில் விளையாட்டு மைதானம் வேண்டும், விளையாட்டுச் சாமான் வேண்டும் என்று எழுதியிருக்கிறது ஐயா. சாமான் வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது; அதைப் பீரோவிலிருந்து எடுக்க வேண்டும் என்று எழுத மறந்துவிட்டார்கள். இந்த ஏரிக்கரையில் நம் வள்ளுவர் சிலையே திறப்பு விழா இல்லாமல் 18 ஆண்டுகள் சாக்குக்குள் நின்றுவிட்டு 2009இல்தானே வெளியே வந்தது? அந்தப் பந்தும் அப்படித்தான் திறப்பு விழாவுக்குக் காத்திருந்தது.

இப்போது கதையில் நம் பையன் வருகிறான். ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் எது காணாமல் போனாலும் முதலில் அவன் பையைத்தான் சோதிப்பார்கள். மாஸ்டர் பீரோ முன்னால் தலையில் கை வைத்து நிற்கிறார். பையன் வந்தான். “என்ன சார்?” என்றான். “பூட்டு” என்றார். சைக்கிள் கம்பி ஒன்றை எடுத்தான், குனிந்தான், நிமிர்ந்தான். பீரோ திறந்துவிட்டது.

இதையே தலைமை ஆசிரியர் பக்கத்திலிருந்து பாருங்கள். அவர் கதவருகே நிற்கிறார். அரசாங்கப் பூட்டை ஒரு மாணவன் அவர் கண்ணெதிரே திறக்கிறான். நன்றி சொல்வதா, டி.சி. கொடுப்பதா? வாயைத் திறந்தவர் திறந்தபடியே நிற்கிறார். போன மாதம் ஆய்வகப் பீரோ திறந்து கிடந்த மர்மமும் அப்போதுதான் அவருக்கு விளங்குகிறது!

அடுத்து மாஸ்டர் செய்ததுதான் விசேஷம். கடைக்குப் போய்ப் புதுப் பூட்டு வாங்கி வந்தார். சாவியைப் பையன் கையில் கொடுத்தார். “இனிமேல் இந்தப் பீரோவுக்கு நீதான் பொறுப்பு.” ஆசிரியர் அறையில் அன்றைக்கு நாங்கள் டீ குடிக்கவில்லை ஐயா. திருடனிடமே சாவியா என்று ஒரே கூச்சல்.

உள்ளே பந்துகள் இருந்தன. காற்று இல்லை. பம்ப் இருந்தது, ஊசி இல்லை. பந்துக்குள் விடுவதற்கு ஒரு சின்ன ஊசி உண்டு. அது இல்லாமல் பம்ப் வெறும் இரும்பு. பையன் சைக்கிள் கடைக்கு ஓடி ஒரு ஊசி வாங்கி, எச்சில் தொட்டு நனைத்து மெதுவாக உள்ளே விட்டான். காய்ந்த ஊசியை விட்டால் உள்ளே ரப்பர் கிழிந்துவிடுமாம். என் வகுப்பில் காம்பஸை வைத்து மேசையைக் குத்திக்கொண்டிருந்தவன் அவன்!

அப்புறம் என்ன ஆயிற்று? சாவி அவனிடம் இருக்கிறது. அவன் வராவிட்டால் ஆட்டம் இல்லை. லீவு போட்டால் மொத்தப் பள்ளியும் அவன் வீட்டு வாசலில் நிற்கும். அதனால் தினமும் வந்தான். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே நான் தவறுதலாக டிக் போட்டுவிட்டேனா என்று தலைமை ஆசிரியர் கூப்பிட்டுக் கேட்டார். மாஸ்டர் இன்னொரு சட்டமும் போட்டார்: காலை வகுப்பில் இருந்தவனுக்குத்தான் மாலையில் பந்து. அண்ணா, உங்கள் பாடத்தை உங்களுக்காக யாரும் கேட்க வரவில்லை, பந்துக்காக வந்தார்கள். வந்த இடத்தில் பாடமும் இருந்தது.

கணக்கில் நூறு வாங்கினானா என்று கேட்பீர்கள். இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் முப்பத்தைந்து. அந்த முப்பத்தைந்துக்கு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். மொத்தம் 625 மதிப்பெண்ணில் அவன் சாவியைப் பத்திரமாக வைத்திருந்ததற்கு ஒரு மதிப்பெண் உண்டா?

புள்ளிவிவரம் கேட்பவர்களுக்கு ஒன்று மட்டும். ஐஸ்லாந்தில் 15, 16 வயதுப் பிள்ளைகளில் முந்தைய மாதத்தில் குடித்து வெறித்தவர்கள் 1998இல் 42 விழுக்காடு. 2016இல் 5 விழுக்காடு. மாலை நேர விளையாட்டுக்கும் கலைக்கும் பணம் ஒதுக்கினார்கள், இரவில் பிள்ளைகள் சுற்றுவதைத் தடுத்தார்கள், பெற்றோரையும் சேர்த்துக்கொண்டார்கள். விளையாட்டு மட்டுமே காரணம் என்று சொன்னால் நடுவர் என் காதைத் திருகுவார். அந்தக் குளிரிலேயே பிள்ளைகளை வெளியே விளையாட விட்டார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இன்னொன்று, இதை எங்கள் அணியிலேயே யாரும் சொல்லவில்லை. விளையாட்டை விரிவாக்குவது என்றால் பள்ளி அணிக்குப் பதினோரு பையன்களைப் பிடித்து ஜெர்சி மாட்டிவிடுவது இல்லை. நாலு மணிக்கு மேல் மைதானம் ஆண் பிள்ளைகளுக்குச் சொந்தமாகிவிடுகிறது. பெண் பிள்ளைகள் சுவரோரம் நின்று பைகளுக்குக் காவல் இருக்கிறார்கள். சுண்ணாம்புக் கோடு போட்டுப் பாதி மைதானத்தை அவர்களுக்குக் கொடுங்கள். த்ரோபாலுக்கு ஒரு வலை, கோ-கோவுக்கு இரண்டு கம்பம் போதும். பூட்டாத கழிப்பறை வேண்டும். இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போக வழி வேண்டும். மதியம் சாப்பிட்ட பிள்ளை மாலையில் ஓடவேண்டுமானால் கையில் ஒரு வாழைப்பழமாவது வேண்டும். இதெல்லாம் கிடைத்தால் அப்புறம் வந்து கேளுங்கள், பெண்கள் ஏன் விளையாட வருவதில்லை என்று.

முதல் மணி அடித்துவிட்டார்கள். அந்தப் பையனின் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

இந்திரா நகரில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். பள்ளியிலிருந்து போன் வந்தாலே அவருக்குக் கை நடுங்கும். வந்த போன் எல்லாமே புகார். அன்றைக்கு மாஸ்டர் போன் செய்து, ‘உடனே வாருங்கள் அம்மா’ என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்த மனிதருக்கு விளக்கிச் சொல்லும் வழக்கம் கிடையாது. அம்மா ஓடி வந்தார். முழங்கைவரை சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று என்னைப் பார்த்துக் கேட்டார், “இந்தத் தடவை என்ன உடைத்தான் டீச்சர்?”

கையில் சுருட்டிய ரூபாய் நோட்டுகள். உடைத்த பொருளுக்குக் கட்டுவதற்காக வேலை செய்யும் வீட்டில் முன்பணம் கேட்டு வாங்கி வந்திருக்கிறார்.

“எதுவும் உடைக்கவில்லை அம்மா. ஆர்.பி.ஏ.என்.எம்.எஸ். மைதானத்தில் உங்கள் பையன் ஆடுகிறான். பார்க்கக் கூப்பிட்டார்கள்.”

அவருக்குப் புரியவில்லை. இரண்டாவது முறை சொன்னேன். “அதற்கு எவ்வளவு கட்டவேண்டும்?” என்றார்.

ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் தோற்றுப்போனோம் ஐயா, மூன்றுக்கு ஒன்று. அந்த ஒன்றும் அவன் போட்டதில்லை. ஆனால் அந்த அம்மா ஆட்டம் முழுவதும் பந்தைப் பார்க்கவே இல்லை, மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற யாரோ கன்னடத்தில், ‘அந்த மூன்றாம் நம்பர் பையன் நன்றாக ஓடுகிறான்’ என்றார். அம்மாவுக்குக் கன்னடம் நன்றாகவே வரும். ஆனாலும் என்னிடம் திரும்பி, “என்ன சொல்கிறார் டீச்சர்?” என்று கேட்டார். நான் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, “இன்னொரு தடவை சொல்லுங்கள்” என்றார்.

இரண்டாவது மணியும் அடித்துவிட்டது. தெரியும் ஐயா, முடித்துவிடுகிறேன். தர்க்கத்தில் எதிரணி என்னை மடக்கிவிடலாம். ஒரு பையனை வைத்து ஒரு பள்ளியை அளக்க முடியுமா என்று அடுத்து வருகிற தம்பி கேட்கத்தான் போகிறார். கேட்கட்டும். பேராசிரியர் அண்ணனிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்தான். நாளை மாலை ஆறு மணிக்கு அந்த அம்மா மூன்றாவது வீட்டு வேலையை முடித்துவிட்டு இறங்கி வருவார். நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன், ஆட்டோ காசும் நானே தருகிறேன். “பந்தை உதைக்கிறவனை வாழ்க்கை உதைக்கும்” என்று அவர் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லிவிட்டு வாருங்கள். வருகிறீர்களா அண்ணா?

நடுவர் ஐயா, அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு குறிப்பு எழுதுகிறார். நன்றி, வணக்கம்.